நீ எடுத்துக்கொண்டு போன முன்சக்கர அச்சு

அன்புள்ள கவினுக்கு,

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டாவது வரியிலேயே நீ பதில் யோசிக்கத் தொடங்கிவிடுவாய். தமிழ் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் எனக்கு ஒரு பயன் கிடைக்கிறது. மெதுவாகப் படி. இதை ஊர் படிக்கவும் தருகிறேன். இங்கே பிளெய்ன்ஸ்பரோவில் நமக்குத் தெரிந்த எல்லாருக்கும் நான் சைக்கிளிலிருந்து விழுந்து தோள் உடைந்தது தெரியும். ஏன் விழுந்தேன் என்பதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வயது. நீயும் அதையேதான் நினைக்கிறாய்.

போன வாரம் மருத்துவர் என் கையைத் தூக்கச் சொல்லி, சுழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, இனி எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். எதை வேண்டுமானாலுமா என்று திரும்பக் கேட்டேன். சைக்கிளைத்தான் கேட்கிறேன் என்று புரிந்துகொண்டு சிரித்தார். ஆமாம், அதையும். வீட்டுக்கு வந்து கேரேஜைத் திறந்து பார்த்தேன். சைக்கிள் முன்சக்கரம் இல்லாமல் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது. சக்கரம் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற அச்சு, விரல் தடிமனில் ஒரு சிறு கம்பி, சான் ஹோசேயில் உன்னிடம் இருக்கிறது. அக்டோபரில் எனக்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பும்போது அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாய். நெவார்க் விமான நிலையத்திலிருந்து செய்தி அனுப்பினாய்: "ஆக்சில் என்கிட்ட இருக்கு. டோன்ட் பி மேட்." அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதே மாதிரி இன்னொன்று கடையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்கவில்லை. அது உன் கையிலிருந்து திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

அந்தச் சைக்கிள் ஒரு காலத்தில் உன்னுடையது. ஒன்பதாம் வகுப்பில் நீ கேட்டு, நான் மறுத்து, அப்பா வாங்கிக் கொடுத்தது. நீ ஒரே வருடத்தில் வளர்ந்துவிட்டாய், அது உனக்குச் சின்னதாகிவிட்டது. நீ கலிஃபோர்னியாவுக்குப் போன பிறகு, தெரிந்த ஒரு வீட்டுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு அதை வெளியே எடுத்துத் துடைத்தேன். துடைத்த கையோடு ஏறி உட்கார்ந்து பார்த்தேன். என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. கால்வாய் ஓரப் பாதையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். கொடுப்பதாகச் சொல்லியிருந்த வீட்டுக்குப் போன் செய்து, மன்னிக்க வேண்டும், தேவைப்படுகிறது என்று சொல்லிவிட்டேன்.

காட்டுப் பாதைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது மெர்சி ஆன்ட்டி. யாழ்ப்பாணத்துக்காரர், மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட், என்னைவிட நான்கைந்து வயது சின்னவர், வாயை மட்டும் அடக்க முடியாது. வடக்கே அரை மணி நேரம் காரில் போனால் பாறையும் வேருமாக இருக்கும் அந்தக் குன்றுகளில், ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் எனக்குப் பின்னாலேயே வந்து திட்டுவார். "அக்கா, வேருக்கு மேல பிரேக் பிடிக்காதேங்கோ. வேர் வர முந்தியே வேகத்தைக் குறைச்சிட்டு, வேரில சும்மா உருள விடுங்கோ." நான் பிடித்துவிடுவேன். "பிடிக்காதேங்கோ எண்டுதானே சொன்னனான். பிறகும் பிடிக்கிறீங்கள். உங்கட ஆய்வுகூட வேலையிலயும் இப்பிடித்தானோ?" மழைக்குப் பிறகு வேர் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும் என்றும், சாய்வாகப் போனால் சக்கரம் அதன் நீளத்துக்கே வழுக்கிக்கொண்டு போய்விடும், வேருக்குக் குறுக்கே நேராகத்தான் கடக்க வேண்டும் என்றும் அவரிடம்தான் கற்றேன். ஈரமான மரப்பாலத்தின் மேல் திரும்பக் கூடாது, பிரேக் தொடக் கூடாது, ஏறும் முன்பே எங்கே இறங்கப்போகிறோம் என்று பார்த்துவிட வேண்டும். விழுந்து கிடக்கும் இலைகளை நம்பவே கூடாது. அடியில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. டயரில் காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் அது தரையைப் பற்றும். இதையெல்லாம் நான் உடனே நம்பவில்லை. ஒவ்வொன்றையும் செய்து பார்த்த பிறகுதான் நம்பினேன். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

எதற்கு இது என்று நீ கேட்டாய். நீ மட்டும் கேட்கவில்லை. கொலு பார்க்கப் போன ஒரு வீட்டில் ஒரு அம்மாள் என்னைத் தனியாகச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனார்.

"ஏங்க, வீட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்குங்க."

"இல்ல, நீங்க காட்டுக்குள்ள சைக்கிள் ஓட்டறீங்கன்னு கேள்விப்பட்டேன். அதான்."

"ஓட்டறேங்க."

"ஜிம்லயே ஒண்ணு இருக்குமேங்க. அது நகராது. சேஃப்."

சர்க்கரைக்காக நடக்கிறேன் என்றால் நம் ஆட்கள் தலையாட்டுவார்கள். முதுகுவலிக்காக யோகா என்றால் பாராட்டுவார்கள். ஒரு நோயைச் சொல்லிவிட்டால் போதும், நம் பெண்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். எனக்கு அந்த நோய் எதுவும் இல்லை. காட்டில் என்னையே கண்டுபிடித்தேன் என்றெல்லாம் சொல்கிறவர்கள் மீது எனக்கு நம்பிக்கையும் இல்லை. வழுக்குகிற பாதையில் இறங்கும்போது அடுத்த பத்தடியைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியாது. வேலை, வீட்டுக்கடன், அப்பாவின் ரத்த அழுத்தம், நீ சாப்பிட்டாயா என்பது, எதுவும் உள்ளே வராது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை, தேவை என்றும் நினைக்கவில்லை.

இப்போது விழுந்த கதைக்கு வருகிறேன். அதற்கு முந்தைய வாரம் ஆயுத பூஜைக்கு நீ வந்திருந்தாய். அப்பா இரண்டு கார்களையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு உன்னைக் கூப்பிட்டார். "டேய் கவின், வாடா, நீயும் ஒரு பொட்டு வை." நீ போனைப் பார்த்துக்கொண்டே வருவாய், ஒரு படம் எடுப்பாய், போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ போனைப் பாக்கெட்டில் போட்டாய். "அம்மாவோட பைக்குக்கு வெச்சீங்களா?" என்றாய். அதுவரை அது உன் வாயில் 'மை ஓல்டு பைக்'தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மாவோட பைக். நான் சுண்டல் கரண்டியோடு சமையலறையிலிருந்து கேரேஜுக்கு இறங்கும் கதவில் நின்றுகொண்டிருந்தேன்.

சைக்கிளின் சட்டத்தில் பொட்டு வைத்தாய், ஒட்டவில்லை. சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. "ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைடா, அப்படியே பிடிக்கும்" என்றார் அப்பா. விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்துக் குழைத்தாய். பிறகு எங்கே வைக்கலாம் என்று வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாய். முன்சக்கரத்தின் நடுவே ஒரு வட்டத்தகடு பளபளவென்று இருந்தது. "திஸ் இஸ் பர்ஃபெக்ட். பொட்டு வைக்கவே பண்ண மாதிரி இருக்கு" என்று சொல்லி, அந்தத் தகட்டில் மூன்று இடத்தில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தாய். எனக்குப் பூஜை விஷயங்களில் பாதி நம்பிக்கைதான். அன்றைக்கு அது கொஞ்சம் கூடியது. நானும் ஒரு படம் எடுத்தேன்.

அந்தத் தகடுதான் பிரேக். கைப்பிடியில் இருக்கும் பிரேக் கம்பியை அழுத்தினால் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கட்டைகள் வந்து அந்தத் தகட்டைக் கவ்வும், சக்கரம் நிற்கும். அதில் ஒரு துளி எண்ணெய் பட்டால் கட்டைகளுக்குப் பிடி கிடைக்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. வேலையில் எந்த மாத்திரையில் எது கலந்துவிட்டது என்று கண்டுபிடிக்கிறவள் நான். மகன் பொட்டு வைக்கும்போது அந்த மூளை வேலை செய்யவில்லை.

அடுத்த சனிக்கிழமை. முந்தின நாள் மழை. கார் நிறுத்துமிடத்திலேயே முன்பிரேக் கீச்சிட்டது. "அக்கா, உங்கட பிரேக் பேய் மாதிரிக் கத்துது" என்றார் மெர்சி. ஈரத்தில் எல்லாப் பிரேக்கும் கத்தும் என்றேன். அது உண்மைதான். அதனால்தான் மேலே யோசிக்கவில்லை. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. இறக்கத்தில் கம்பியை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன், வேகம் குறையவில்லை. அப்போது ஒரு வாசனை வந்தது. அழுகின இலை, ஈர மண் வாசனைக்கு நடுவே, சுடச்சுடச் சந்தனம். எனக்குப் பிரமை என்று நினைத்தேன். கோயில் கருவறைக்குள் யாரோ தள்ளிவிட்டது போல இருந்தது. பயத்தில் பின்பிரேக்கை முழுதாக இறுக்கினேன். அது பிடித்தது, பிடித்த இடம் இலைக்கு அடியில் வேர். பின்சக்கரம் பக்கவாட்டில் போனது, நான் இடது தோளின் மேல் போனேன்.

மெர்சி ஓடி வந்து என் தோளில் விரல் வைத்தார். வலி வருவதற்கு முன்பே நான் சொன்ன முதல் வார்த்தை, "கவினுக்குச் சொல்லாதீங்க." அவர் என்னைப் பார்த்தார். "முதல்ல எலும்பைப் பாப்பம் அக்கா. பிறகு மகனைப் பாப்பம்" என்றார்.

எலும்பைப் பார்த்த கையோடு மெர்சி உனக்குச் சொல்லிவிட்டார், நீ அடுத்த விமானத்தில் வந்தாய். ரசம் வைத்தாய், புளி கொஞ்சம் அதிகம். என் ஒரு கை கட்டுக்குள் இருந்ததால் தலைவாரி ரப்பர் பேண்டு போட்டுவிட்டாய், கோணலாக. நான் அந்தக் கோணலோடுதான் இருந்தேன். பிறகு, கிளம்புவதற்கு முதல் நாள், கேரேஜில் பேசினோம். நீ மறந்திருக்க மாட்டாய்.

"அம்மா, இனஃப். யூ ஆர் ஆல்மோஸ்ட் ஃபிஃப்ட்டி."

"அதுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"பிரேக் இல்லம்மா. ரிஃப்ளெக்ஸ். ஏஜ் ஆச்சுன்னா ஸ்லோ ஆகும். இட்ஸ் சயின்ஸ்."

"நான் சயின்ஸ்தான்டா படிச்சேன்."

"ஓகே, ஃபைன். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்பா தனியா என்ன பண்ணுவார்? நான் அங்க இருக்கேன். சொல்லு."

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீ அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டாய். மறுநாள் அச்சு போய்விட்டது.

டிசம்பரில் கட்டு அவிழ்த்த பிறகு ஒரு நாள் சும்மா கேரேஜில் நின்றுகொண்டிருந்தேன். சக்கரம் சுவரோரம் இருந்தது. தகட்டின் ஓட்டைகளுக்குள் செக்கச்செவேலென்று ஏதோ. நகத்தால் சுரண்டினேன், குங்குமம். பிரேக் கட்டைகளைக் கழற்றி முகர்ந்தேன், சந்தனம். ஒரே ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதும் வழக்கம் எனக்கில்லை. முன்தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்து மாதிரி உருண்டு நின்றது. எண்ணெய் இருந்தால்தான் அப்படி நிற்கும். நீ பொட்டு வைக்காத பின்தகட்டிலும் விட்டேன். பரவி வழிந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் கட்டைகளைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம்."

"நல்லெண்ணெயும்."

கட்டைகளை என் கையில் திருப்பி வைத்தார். பிறகு, "கவின்கிட்ட சொல்லாத" என்றார்.

"ஏன்?"

"பாவம், ஆசையா வெச்சான். மனசு கஷ்டப்படும்."

"எண்ணெயில குழைக்கச் சொன்னது யாரு?"

"அதையும் சொல்லாத."

நம் வீட்டு வழக்கம் இது. கெட்ட செய்தியை அது ஆறின பிறகுதான் பரிமாறுவோம். ஊரில் இருக்கும் உன் பெரியம்மாவுக்கு இன்றுவரை நான் விழுந்தது தெரியாது, அங்கே அவருக்கு என்ன ஆனது என்று எனக்கும் தெரியாமல் இருக்கலாம். வீடியோவில் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். நீ பத்தாவது படிக்கும்போது அப்பாவுக்கு வேலை போயிற்று. உன் பரீட்சை முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். அப்பா தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போவது போல பிரின்ஸ்டன் ஜங்ஷன் வரை போய், நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். உனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது என்பதும், பள்ளிச் சுற்றுலாவுக்கு உனக்கே விருப்பமில்லை என்று நீ சொன்னது எங்களுக்காக என்பதும் வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உன்னைக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் மறைத்தோம். எங்களைக் காப்பாற்ற நீ மறைத்தாய். ஒரே வீட்டுக்குள் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் தனியாக இருந்தோம்.

அதனால் இதை உனக்குச் சொல்கிறேன். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இல்லை. வண்டியில் ஏறுகிறவள்தான் பிரேக்கைப் பார்த்துவிட்டு ஏற வேண்டும், அது என் வேலை, அன்றைக்கு நான் செய்யவில்லை. ஆனால் நான் விழுந்ததற்குக் காரணம் என் வயது இல்லை. உன்னைக் குழந்தையாகவே வைத்திருப்பதற்கு நாங்கள் இந்த உண்மையை மறைப்பதும், என்னைக் கிழவியாக்கி உட்கார வைப்பதற்கு நீ அச்சை எடுத்துக்கொண்டு போவதும் ஒரே காரியம்தான். இரண்டும் அன்பில் செய்வது. இரண்டையும் நிறுத்தலாம். நான் முதலில் நிறுத்துகிறேன்.

உனக்குப் பதினேழு வயதில் லைசென்ஸ் வந்த வருடம், முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை, உன்னை ரயில் நிலையத்து வெற்றுக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனேன். பனியில் வேகமாகப் போய் ஒரேயடியாகப் பிரேக்கை மிதி என்றேன். "மா, ஆர் யூ சீரியஸ்? பீப்பிள் ஆர் வாட்சிங்." ஒருவர் கூட இல்லை, நாய் கூட்டிக்கொண்டு ஒரு பெரியவர் தூரத்தில் போனார். மிதித்தாய். கார் வழுக்கியது. கத்தினாய். மறுபடி மிதி என்றேன். வழுக்கும்போது உடம்பு எப்படி உணரும் என்று தெரியும்வரை, வழுக்கும் பக்கம் பார்க்காமல் போக வேண்டிய பக்கம் பார்க்கக் கை பழகும்வரை மிதிக்க வைத்தேன். பிறகு சாவியைக் கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க நீ வெளியே போன ஒவ்வொரு இரவும் ஜன்னலில் நின்றேன், அது வேறு. ஆனால் சாவியை வாங்கி ஒளித்து வைக்கவில்லை. அப்போது எனக்கு இருந்த பயம்தான் இப்போது உனக்கு இருக்கிறது. அந்தப் பயத்தோடு என்ன செய்வது என்று நீ ஏற்கெனவே பார்த்திருக்கிறாய். அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

நான் விழவே மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுப்பவர்களை நம்பாதே. எப்படி ஓட்டுவேன் என்று சொல்ல முடியும். இரவு உறைந்த தரை காலையில் கல் மாதிரி இருக்கும், அப்போது போவேன். வெயில் ஏறி மண் இளகி டயர் பள்ளம் போட ஆரம்பித்தால் திரும்பிவிடுவேன். அந்தச் சேறு நமக்கும் ஆபத்து, பாதைக்கும் கேடு. பள்ளம் மறுபடி உறைந்தால் அடுத்து வருகிறவர் அதில் விழுவார். கண்ணாடி போல உறைந்த பனிக்கட்டி தெரிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன், அதில் எனக்கு வெட்கமில்லை. மெர்சி ஆணி பதித்த டயர் மாட்டியிருக்கிறார், அவருக்கும் வெட்கமில்லை, ஆனால் அவர் இறங்க மாட்டார். தனியாகப் போக மாட்டேன். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அப்பாவுக்கும் உனக்கும் புறப்படும் முன் செய்தி வரும். மூன்று மணி நேர வித்தியாசத்தில் நீ தூங்கிக்கொண்டிருப்பாய், பரவாயில்லை. திரும்பின பிறகும் வரும். விழுந்தாலும் வரும், அன்றைக்கே, என் கையாலேயே.

உடுப்பு விஷயத்திலும் பாடம் படித்தேன். முதல் குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்த நல்ல கனமான பருத்திச் சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு போனேன். வியர்வையில் நனைந்து, இறக்கத்தில் காற்றுப் பட்டதும் ஈரத்துணியை உடம்பில் சுற்றினது மாதிரி ஆகிவிட்டது, பல் தந்தியடித்தது. இப்போது உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, மேலே காற்றுப் புகாத ஒன்று. புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கதகதப்பாகப் புறப்பட்டால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்தால் மாற்ற. விரல் மரத்துப் போனால் பிரேக்கை அழுத்தினோமா இல்லையா என்றே தெரியாது. காலுக்கு, சாக்ஸ் மேல் மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் ஷூ. பார்க்க அசிங்கமாக இருக்கும், கால் நனையாது. மான் வேட்டை நடக்கும் மாதங்களில், வேட்டைக்காரர் கண்ணில் படும்படி ஆரஞ்சு நிற மேல்சட்டை. போன், உடம்போடு ஒட்டின பையில். குளிரில் வெளியே வைத்தால் பேட்டரி சொல்லாமல் செத்துவிடும். சீக்கிரம் இருட்டிவிடும் என்பதால் காலையில் போனாலும் விளக்கு இருக்கும். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி இருக்கும். மெர்சி அதில் பாதியைக் குடித்துவிட்டு, "இதுக்காகத்தான் அக்கா உங்களைக் கூட்டிக்கொண்டு திரியிறன்" என்பார். நீ அச்சை எடுத்துக்கொண்டு போனதைக் கேட்டபோது அவர் சொன்னது: "உங்கட மகன் மகன் இல்லை அக்கா, மாமனார்."

பிரேக்குக்கு வருகிறேன். முன்தகட்டை ஆல்கஹால் போட்டு, துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்துவிட்டேன். எண்ணெய் குடித்த கட்டைகளைத் துடைத்துப் பயன் இல்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட்டேன். இனி எண்ணெய் என்பது சங்கிலிக்கு மட்டும், அதுவும் துணியில் தொட்டு. ஓட்டிவிட்டு வந்தால் குழாயை வேகமாகப் பீய்ச்சாமல், வாளித் தண்ணீரும் துணியுமாகக் கழுவி, சங்கிலியை உலர்த்துவேன். ஈரத்தில் நீண்ட இறக்கம் வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துப் பிடித்துவிட்டுத் தகட்டை உலர்த்திக்கொள்வேன். புறப்படும் முன், கார் நிறுத்துமிடத்திலேயே, இரண்டையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன். கத்தினால் ஏன் கத்துகிறது என்று தெரியும்வரை ஏற மாட்டேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு இப்போதும் என்னிடம் முழுப் பதில் இல்லை. நானும் அவரும் அதைப் பற்றிப் பேசினோம். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, எனக்கு ஏதாவது ஆனால், அவருக்கு ஏதாவது ஆனால் என்று வாய்விட்டுப் பேசினோம். காப்பீடு எங்கே இருக்கிறது, யாருக்கு முதலில் போன் செய்வது, எல்லாம். பேசி முடித்த பிறகு அவர் கேட்டது, "நான் வேணா கால்வாய்ப் பாதையில கூட வரட்டுமா? அது மேடு பள்ளம் இல்லாம இருக்கும்ல?" வரட்டும். அவருக்கு ஒரு சைக்கிள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி நீண்ட வாரயிறுதிக்கு நீ வருவதாகச் சொல்லியிருக்கிறாய். டிக்கெட் எடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். அந்தச் சனிக்கிழமை நான் காட்டுக்குப் போகிறேன். அதில் மாற்றமில்லை. அச்சைக் கொண்டு வராமல் வந்தால், போகிற வழியில் கடையில் நிறுத்தி ஒன்று வாங்கிக்கொள்வேன், உன்னோடு சண்டை போட மாட்டேன். ஆனால் கொண்டு வா. கேரேஜில் நீயே சக்கரத்தைத் தூக்கி வை. நீயே அச்சைச் செலுத்தி முறுக்கு. பொட்டு வைக்க வேண்டுமானால் வை, சட்டத்தின் மேல், காய்ந்து உதிர்ந்தாலும் சரி, தண்ணீரில் குழைத்து. பிறகு முன்பிரேக்கை இறுக அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை உன் முழு பலத்தோடும் முன்னால் தள்ளிப் பார். அது நகரக் கூடாது. நகரவில்லை என்று நீ சொல். உன் வாயால் சொன்ன பிறகு நான் ஏறுகிறேன்.

அம்மா